புளியமரத்துச் சாமிக்கு நேர்ந்த படம்

கோன் கேன் ஊர்ச் சந்தையில் மீன் உருண்டை சுட்டு விற்கிற புன்லோம் சாமிக்கு நேர்ந்துகொண்டதை ஒருநாளும் பாக்கி வைத்தவள் இல்லை. மகனுக்குக் காய்ச்சல் இறங்கினால் அவித்த முட்டை ஒரு கூடை என்பாள். இறங்கிய மறுநாளே கூடை புளியமரத்தடிச் சாமி சாவடியில் இருக்கும். சிவப்பு சோடா என்றால் சிவப்பு சோடாதான், பச்சை வாங்கிப் போகமாட்டாள். புருஷன் பாங்காக்குக்குக் கட்டட வேலைக்குப் போனவன் போனவன்தான். கெங் என்கிற அந்த மகனை மீன் உருண்டை வண்டிக்கு அடியில் தூளி கட்டி வளர்த்தாள். அந்தச் சாமியும் கூட நின்று வளர்த்தது என்பது அவள் கணக்கு. அது தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

கெங் வளர்ந்து காமிராவும் கையுமாக அலைந்தான். பிள்ளைகள் எல்லாம் தெருவில் இறங்கி ஆட்சியைக் கேள்வி கேட்ட வருஷம் அது. போலீஸ் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. கெங் ஓடாமல் நின்று படம் எடுத்தான். எடுத்ததை வெட்டி ஒட்டிச் சின்னப் படமாக்கினான். சோறு வடிக்கிற நேரத்துக்குள் பார்த்து முடித்துவிடலாம். அதைப் போட இடம் கொடுத்த கடைக்காரர் வீட்டுக்கு யாரோ இரண்டு பேர் வந்து பேசிவிட்டுப் போனார்கள். மறுநாள் கடைக்குப் பூட்டு. அடுத்த வாரம் கெங்கையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஜாமீன் கேட்டார்கள், இல்லை என்றார்கள். மறுபடி கேட்டார்கள், மறுபடியும் இல்லை.

புன்லோம் புளியமரத்தடிக்குப் போய் மண்டியிட்டாள். வேறு யாராவது என்றால் கூத்து வைக்கிறேன் என்பார்கள், சாமி பார்க்கச் சண்டைப் படம் ஒன்று திரை கட்டிப் போடுகிறேன் என்பார்கள். இவள் அழுத அழுகையில் வாய் முந்திக்கொண்டது. "எம் புள்ளைய வெளிய கொண்டாந்து விடு சாமி. அவன் எடுத்த படத்தையே உனக்குப் போட்டுக் காட்டுறேன்."

சொன்னது சொன்னதுதான். அடுத்த தடவை கேட்டபோது ஜாமீன் கிடைத்தது. கூட்டத்துக்குப் போகக் கூடாது, இருட்டினால் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்று நிபந்தனை. கெங் இளைத்துப்போய் வீட்டுக்கு வந்தான். அவனுக்கு ஒட்டரிசிச் சோற்றை உருட்டிக் கொடுத்துக்கொண்டே நேர்த்தியைச் சொன்னாள்.

"அய்யோ அம்மா! அந்தப் படத்தைப் போட்டா உன்னையும் தூக்கிட்டுப் போவாங்க. பேய்ப்படம் ஏதாவது போடு. சாமிக்கு என்ன தெரியப் போவுது?"

"உன்ன வெளிய விடத் தெரிஞ்ச சாமிக்கு, எது உன் படம்னு தெரியாதா? நேர்ந்தத மாத்தினா குடுத்தத அது திரும்ப எடுத்துக்கும்டா. நீ சோத்தத் தின்னு."

திரை கட்டிப் படம் போடுகிற சவாட்டிடம் போனாள். ஊரில் எந்த நேர்த்திப் படமானாலும் அவர் லாரிதான்.

"சாமிக்கு அடிதடிதான் புடிக்கும் தங்கச்சி," என்றார் அவர்.

"இதுலயும் அடிதடி இருக்குண்ணே. ஒரு பக்கந்தான் அடிக்கும்."

சவாட் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "லாரியப் புடுங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"என் வண்டில பாதி உனக்கு. கூட நின்னு வித்துக்கோ."

அவர் லாரியைத் திரும்பிப் பார்த்தார். "சரி, பொழுது சாய வா," என்றார். அந்த 'சரி'க்காக இன்றைக்கும் அவர் வீட்டுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவள் வண்டி தள்ளுகிறாள்.

சாவடிக்கு முன்னால் திரை கட்டினார்கள். சாமிக்கும் அதன் பரிவாரத்துக்கும் முன்வரிசையில் நாற்காலிகள் போட்டார்கள், எல்லாம் காலி. ஊதுவத்தி, மல்லிகை மாலை, சிவப்பு சோடா. ஆனால் மதில் மேலும், மோட்டார் சைக்கிள்கள் மேலும், நூடுல்ஸ் கடை வாசலிலும் என்றைக்கும் இல்லாத ஜனம். யாரும் படம் பார்க்க வரவில்லையாம், சும்மா நிற்கிறார்களாம்.

இரண்டு போலீஸ்காரர்கள் சாதாரணச் சட்டையில் வந்தார்கள். அவர்களில் பெரியவர் புன்லோமிடம் வந்தார். "பெரியம்மா, இது என்ன கூட்டம்?"

"கூட்டமா? நாற்காலியப் பாரு தம்பி. ஒருத்தராவது இருக்காங்களா?"

சின்னவர் கால் வலித்ததோ என்னவோ, முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ! சாமி மடியில உக்காருறியே, எந்திரிப்பா!" என்று மதில் முழுக்கக் கத்தியது. அவர் துள்ளி எழுந்து சாவடியைப் பார்த்து மூன்று தடவை கும்பிட்டார்.

படம் ஓட ஆரம்பித்தது. திரையில் தண்ணீர் பீய்ச்சியதுமே பெரியவருக்கு இது எந்தப் படம் என்று விளங்கிவிட்டது. விறுவிறுவென்று லாரிக்குப் போய் மெஷின் மேல் கை வைத்தார்.

சவாட் தடுக்கவில்லை, விலகி நின்றார். "நிறுத்துங்க சார். ஆனா நேர்த்தி யாரோடது, யாரால நின்னுச்சுன்னு சாமிகிட்ட மைக்குல சொல்லணும். அது எங்க தொழில் வழக்கம். உங்க பேரு என்ன சார்?"

கை மெஷின் மேலேயே இருந்தது. புன்லோமுக்குக் கெங்கின் முகமும் சிறைக்கதவும் கண்ணுக்குள் வந்து போயின. பெரியவர் சாவடியைப் பார்த்தார், புகைகிற ஊதுவத்தியைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"சத்தத்தக் கொறச்சு வை," என்றார்.

அவள் அப்போதுதான் திரையைப் பார்த்தாள். மகன் எடுத்த படத்தை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. அதில் நனைந்த பிள்ளைகள் ஓடினார்கள். முகம் தெரியாத ஒரு பெண்பிள்ளை நடுங்குகிறவர்களுக்குத் துண்டு கொடுத்தாள். ஒரு கிழவர் கண் எரிகிறவன் முகத்தில் தண்ணீர் ஊற்றினார். காமிரா ஆடியது, யாரோ "தம்பி, இங்க வா, இங்க வா" என்று கெங்கைக் கைபிடித்து ஒரு வீட்டு வாசலுக்குள் இழுத்தார்கள். இழுத்த கை மட்டும் தெரிந்தது, வளையல் போட்ட கை.

அந்தக் கையைப் பார்த்துப் புன்லோம் கும்பிட்டாள். சாமிக்குச் சேரவேண்டிய கும்பிடு அது என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

படம் முடிந்தது. சவாட் மைக்கில், "மீன் உருண்டை விக்கிற புன்லோம் சொன்னபடி செஞ்சிட்டா, ஏத்துக்கணும் சாமி," என்றார். மதில் மேல் இருந்தவர்களும் கைகூப்பினார்கள். போலீஸ்காரர்கள் போகும்போது சின்னவர் ஒரு சோடாவை உடைத்துச் சாவடியில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டு வாசற்படிக்கு உள்பக்கமாகவே கெங் உட்கார்ந்திருந்தான். "என்னம்மா ஆச்சு? சாமிக்குப் புடிச்சிருந்துச்சா?"

"நடுவுல எந்திரிச்சுப் போவல," என்றாள் புன்லோம். "போதாதா உனக்கு?"