மூலை முடிச்சு

முடிச்சக்காவுக்கு ஐம்பத்து நாலு வயது வரை ஃபுட்பால் என்றால் என்னவென்று தெரியாது. வலை தெரியும். அதிலும் வலையின் மூலை மட்டும்தான் தெரியும்.

அவள் வேலை பார்த்த கம்பெனியில் கோல் வலை செய்தார்கள். நீள அகலமெல்லாம் மெஷினே பின்னித் தள்ளிவிடும். ஆனால் மேல்பக்கமும் பக்கவாட்டும் பின்பக்கமும் ஒன்றுகூடுகிற மூலை இருக்கிறதே, அந்த இடத்தில் மெஷினுக்குப் புத்தி போதாது. வலையின் ஓரம் முழுக்க ஓடுகிற கரைக்கயிற்றோடு சேர்த்து ஆள்தான் கையால் முடிய வேண்டும். அதற்கென்று ஒரு மேசை, மேசையைச் சுற்றி ஆறு பெண்கள். அந்த ஆறு பேரில் இருபத்திரண்டு வருடமாக இடம் மாறாமல் உட்கார்ந்திருந்தவள் இவள் ஒருத்திதான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. வாட்ச்மேன்கூட முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவள் இடதுகைக்காரி. அதனால் மற்ற ஐந்து பேருடைய முடிச்சும் வலப்பக்கம் சாய்ந்து படுத்திருக்கும், இவளுடையது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. மற்றவர்கள் இரண்டு சுற்று சுற்றி இறுக்குவார்கள், இவள் மூன்று சுற்றுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இரண்டோடு நிறுத்தினால் அவளுக்கு மனசு கேட்காது, அவ்வளவுதான். அவசர ஆர்டர் வந்தால் மட்டும் சூப்பர்வைசர் வந்து தலைமாட்டில் நிற்பான். "அக்கா, அந்த மூணாவது சுத்தை விடுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பான். முணுமுணுத்துக்கொண்டே விடுவாள். ஆர்டர் போனதும் கை தானாக மூன்றுக்குத் திரும்பிவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. எங்கேயோ ஒரு தேசத்தில், ஏதோ ஒரு சின்ன கிளப்பில், ஒருவன் அடித்த பெனால்டி வலையின் மூலையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டதாம். பந்து கம்பத்துக்கு வெளியே போனதாக நினைத்து ரெஃப்ரி கோல் கிடையாது என்று சொல்லிவிட்டாராம். கூடவே ஒரு போட்டோ. மேகத்தைப் படம் பிடித்த மாதிரி ஒரே மங்கல். பிய்ந்தது மூலை என்பதால் மூலை மேசையின் வேலை என்பது மட்டும் தெரிந்தது, ஆறு பேரில் யார் என்று தெரியவில்லை. ஆனால் சூப்பர்வைசரின் கண் நேராக வயது கூடினவள் மேல் போய் நின்றது.

"மகள் வீட்டுக்குப் போயிட்டு லீவு முடிஞ்சு வாங்கக்கா. பேக்கிங்ல போட்டுக்கலாம். உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கிடைச்ச மாதிரி இருக்கும்" என்றான். குரலில் தேன் ஒழுகியது.

முடிச்சக்கா வாய்க்கு வாய் சண்டை போடுகிறவள்தான். அன்றைக்கு "சரி தம்பி" என்று தலையாட்டிவிட்டாள். ஏனென்றால் அவளுக்கே சந்தேகம். கொஞ்ச காலமாகக் காலையில் எழுந்தால் இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூலை தன் கையால் போட்டதா, இல்லையா? தன் கை தன்னை விட்டுப் போக ஆரம்பித்துவிட்டதா? அந்த முடிச்சு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும். கிளப்பின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் பார்த்து எழுதி, கைப்பைக்குள் வலை ஊசியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். வலை ஊசி என்றதும் தையல் ஊசியை நினைத்துவிடாதீர்கள். அது உள்ளங்கை நீளத்துக்குத் தட்டையான ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதன் வயிற்றில் நூல் சுற்றியிருக்கும். அதை எடுத்துக்கொள்ளாமல் அவள் கடைக்குக்கூடப் போனதில்லை.

அந்த லீவுக்குத்தான் வெளிநாட்டில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனாள். மகளுக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், அதோடு முற்றிப்போன ஃபுட்பால் பைத்தியம். மகளுக்கு டியூட்டி விழுந்துவிட்டதால் ஒரு மேட்ச் டிக்கெட் வீணாகிறது என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"நான் வரட்டுமா மாப்பிள்ளை?" என்றாள் முடிச்சக்கா.

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான ஏழு வருடத்தில் அந்த வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா, மிளகு டப்பா, நாலு ஸ்பூன் எல்லாம் வைத்து ஆஃப்சைடு விதியை விளக்கினார். இவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

ஸ்டேடியத்தின் உள்ளே சிமெண்டுப் படிக்கட்டு. ஏறினாள், ஏறினாள், ஏறிக்கொண்டே இருந்தாள். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. எதற்குடா வந்தோம் என்று சலித்துக்கொண்டே ஒரு வாசலைத் தாண்டினாள் பாருங்கள், அப்படியே நின்றுவிட்டாள். கீழே அவ்வளவு பெரிய பச்சை. சுற்றிலும் மனுசத் தலைகள், வானம் வரைக்கும் தலைகள். ஐம்பதாயிரம் பேர் என்றார் மாப்பிள்ளை. ஐம்பதாயிரம் என்பதை அவள் அதுவரை நூல் கண்டுக் கணக்கில்தான் கேட்டிருக்கிறாள். அத்தனை பேரும் ஒரே மூச்சில் கத்தியபோது சத்தம் காதுக்குள் போகவில்லை, உள்ளங்கால் வழியாக ஏறியது. "அம்மாடியோவ்" என்றாள்.

அப்புறம்தான் வலையைப் பார்த்தாள். நம்பமாட்டீர்கள், ஒரு முழு வலை நிமிர்ந்து நிற்பதை இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மேசையில் அது குவியலாகக் கிடக்கும், மடித்துப் பையில் போட்டால் லாரி ஏறிவிடும். இங்கே அது வெள்ளை வெளேரென்று விறைத்து நின்றது, காற்று வந்தால் லேசாக மூச்சு விட்டது. இதுவா அது? இதற்குள்ளா நம் முடிச்சு போய் உட்காருகிறது? இருபத்திரண்டு பேர் ஓடுவதை விட்டுவிட்டு வலையையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி உதைத்தான். பந்து பறந்துவந்து மேல்மூலையில் மோதியது. வலை பின்னால் போயிற்று, போயிற்று, இழுத்துப் பிடித்தது, பிறகு பந்தை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டது. முடிச்சக்கா துள்ளி எழுந்தாள்.

"தாங்கிடுச்சு! தாங்கிடுச்சு!" என்று படபடவென்று கை தட்டினாள்.

அந்தப் பக்கம் முழுக்கக் கை தட்டியது அவள் ஒருத்தி. அவர்கள் உட்கார்ந்திருந்தது சொந்த ஊர்க்காரர்கள் பக்கம், விழுந்தது அவர்களுக்கு எதிரான கோல். எழவு வீட்டில் சிரித்துவிட்ட மாதிரி முன் வரிசை, பின் வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளையின் முகத்தில் ஈயாடவில்லை. தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அத்தை, நம்மளுக்குப் போட்டா மட்டும்தான் தட்டணும்" என்றார் மெதுவாக.

"சரிங்க மாப்பிள்ளை" என்று உட்கார்ந்தாள். வெட்கம்தான். ஆனாலும் உள்ளுக்குள் அந்த மூலை இன்னும் அசைந்துகொண்டே இருந்தது.

இரண்டாவது மேட்ச் பக்கத்து தேசத்தில், ரயிலில் போய்ப் பார்த்தார்கள். கொட்டு கொட்டென்று மழை. தோற்றுக்கொண்டிருந்த கூட்டம் நனைந்துகொண்டே பாடியது, ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை. இவர்களுக்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்று இப்படித் தொண்டை கிழியப் பாடுகிறார்கள் என்று அவள் வாய் பிளந்தாள். மாப்பிள்ளையின் பைனாகுலரை வாங்கி மூலையைத் தேடினாள், மழையில் ஒன்றும் பிடிபடவில்லை. அவள் கோல்கீப்பரையே பார்க்கிறாள் என்று நினைத்த மாப்பிள்ளை, அந்த ஆளின் முகம் போட்ட ஒரு மஃப்ளரை ஆசையாக வாங்கிக் கழுத்தில் சுற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது ரயிலிலேயே அந்தத் துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"இந்த கிளப்புக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போறீங்களா மாப்பிள்ளை?"

அவர் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அத்தை, இது எங்கயோ அடியில கிடக்கிற டீம். பஸ்ல அஞ்சு மணி நேரம், பார்டர் தாண்டிப் போகணும். அந்த ஊர்க்காரங்களே போய்ப் பாக்க மாட்டாங்க. இங்க அப்படி என்ன இருக்கு?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். கடிதம், போட்டோ, பேக்கிங், காலையில் மடங்காத விரல். பெற்ற மகளிடம் சொல்லாததை, கண்ணீரில் மஃப்ளர் நனைய நனைய மாப்பிள்ளையிடம் சொன்னாள்.

"எங்க வேலையும் அப்படித்தான் அத்தை. லிஃப்ட் ஒழுங்கா ஓடுற வரைக்கும் எங்களை ஒரு நாய் தேடாது. நின்னாத்தான் எங்க பேரே வெளிய வரும்" என்றார். பிறகு, "சனிக்கிழமை போறோம்" என்றார்.

சனிக்கிழமை அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மேட்ச் ஆரம்பிக்க இரண்டு மணி நேரம் இருந்தது. ஒரே ஒரு பக்கம் தகரக் கூரை, அதற்குக் கீழே மரப் பெஞ்சு, டீ விற்கிற ஒரு ஜன்னல். மைதானத்துக்கு எல்லாமாக இருந்தவர் இடுப்பில் சாவிக்கொத்து கட்டிய ஒரு தடித்த மனிதர். புதிய வலை வாங்க வழியில்லாமல் ஒரு பக்க கோலுக்கு எப்போதோ கிடைத்த பழைய வலையை மாட்டிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை அந்த ஊர்ப் பாஷையில் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. மளமளவென்று ஏதோ பேசினார்.

"என்ன சொல்றார்?"

மாப்பிள்ளை தயங்கினார். "அன்னைக்கு அந்தக் கோல் கிடைச்சிருந்தா இவங்க டீம் கீழ் டிவிஷனுக்கு இறங்கியிருக்க மாட்டாங்களாம் அத்தை. அந்த வருஷத்துக் கடைசி மேட்சாம். பெனால்டி அடிச்ச பையன் விளையாடுறதையே விட்டுட்டானாம்."

ஒரு முடிச்சுக்கு இவ்வளவு தூரம் கை நீளுமா?

ஸ்டோர் ரூமில் பெயிண்ட் டப்பாக்களுக்கு அடியில் அந்த வலை கிடந்தது. சிமெண்டுத் தரையில் விரித்துப்போட்டு, முட்டி போட்டு, பிய்ந்த மூலையைத் தேடி எடுத்தாள். பாதி அவிழ்ந்தும் பாதி ஒட்டிக்கொண்டும் இருந்த அந்த முடிச்சு இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவளுடையதுதான்.

பிறகு, பழக்கதோஷம், விரல் தானாகச் சுற்றை எண்ணியது. ஒன்று, இரண்டு. மறுபடி எண்ணினாள். இரண்டுதான். வலையின் ஓரத்தில் தைத்திருந்த கம்பெனிச் சீட்டைப் புரட்டித் தேதியைப் பார்த்தாள். சூப்பர்வைசர் தலைமாட்டில் வந்து நின்ற ஒரு அவசர ஆர்டர் வாரம்.

"கை ஒழுங்காத்தான் முடிஞ்சிருக்கு மாப்பிள்ளை" என்றாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூணாவது சுத்தை விடுங்கன்னு சூப்பர்வைசர் சொன்னான். நானும் விட்டேன். வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? தப்பு என்னோடதுதான், ஆனா கையோடது இல்ல. திரும்பிப் போனதும் அந்தத் தம்பி முகத்துக்கு நேரா சொல்லிடுறேன். இது என் முடிச்சுதான், ரெண்டு சுத்துதான் போட்டேன். இனிமே எவ்வளவு அவசரம்னாலும் மூணு. பிடிக்கலேன்னா பேக்கிங்குக்கே போறேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள். விரல்கள் முதலில் முரண்டு பிடித்தன, உள்ளங்கையில் ஊதித் தேய்த்துச் சூடேற்றினாள். கிழிந்த வலைக்கண்களைப் பின்னிச் சேர்த்தாள். கரைக்கயிற்றைப் பிடித்து ஒன்று, இரண்டு, மூன்று. இழுத்து இறுக்கியபோது நூல் கிறீச்சென்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற மூலைகளையும் அவிழ்த்து அப்படியே போட்டாள்.

சாவிக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பழைய வலையைக் கழற்றிவிட்டு இதைக் கொண்டுபோய்க் கம்பத்தில் மாட்டினார். அத்தனை பெரிய உடம்பை அந்த மூலையில் தொங்கப்போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினார். அப்புறம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னைக்குத் தாங்குமான்னு கேக்குறார் அத்தை."

"தாங்கும்னு சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, பெஞ்சில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு முடிச்சின் சுற்றையும் மனசுக்குள் மறுபடி எண்ணினாள்.

எண்ணி எடுத்தால் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். முதல் பாதியில் அந்தப் பக்கம் பந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாம் பாதியில் சொந்த ஊர் கோல்கீப்பர் அந்த வலைக்கு முன்னால் வந்து நின்றார். மேட்ச் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது விசில் ஊதியது, எதிரணிக்குப் பெனால்டி. ஆயிரம் பேரும் தலையில் கை வைத்தார்கள். முடிச்சக்காவுக்கு யார் ஜெயித்தால் என்ன என்றெல்லாம் இல்லை. அந்த மூலையைத் தவிர அந்த மைதானத்தில் வேறு ஒன்றும் அவள் கண்ணில் படவில்லை.

உதைத்தவன் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. பந்து விர்ரென்று எழும்பி நேராக மேல்மூலைக்குப் போயிற்று, அவள் மூலைக்கே. வலை பின்னால் போயிற்று, முடிச்சு இறுகியது, கம்பமே ஒரு குலுங்கு குலுங்கியது. பந்து பொத்தென்று உள்ளே விழுந்தது.

முடிச்சக்கா எழுந்திருக்கவில்லை. பட்ட அவமானம் நினைவிருந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் மட்டும் பேச்சைக் கேட்காமல் கோல்கீப்பர் மஃப்ளரில் சொட்டியது.

பக்கத்தில் பெஞ்சு கிறீச்சிட்டது. மாப்பிள்ளை எழுந்து நின்றிருந்தார்.

"தாங்கிடுச்சு அத்தை! தாங்கிடுச்சு!" என்று கத்திக்கொண்டு, உள்ளங்கை சிவக்க, படபடவென்று கை தட்டினார். ஆயிரம் தலைகளும் முறைத்துத் திரும்பின. கோலுக்குப் பின்னால் சாவிக்காரர் தலையில் வைத்த கையை எடுத்து, அந்த மூலையை ஒரு தரம் தடவிப் பார்த்தார். பிறகு அவரும் இவர்கள் பக்கம் திரும்பி, சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கத் தட்ட ஆரம்பித்தார்.

"உக்காருங்க மாப்பிள்ளை, அடிக்கப் போறாங்க" என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள் முடிச்சக்கா.

அவர் உட்காரவில்லை.