இடது தோளுக்கு மாறிய துப்பாக்கி

தபால் நிலையத்தில் பார்சல் எடை போடுவது அவள் வேலை. பத்து மணிக்குக் கவுண்டரில் உட்காருவதற்கு முன் இரண்டு மணி நேரம் துப்பாக்கி சுடும் பயிற்சி. பத்து மீட்டர் ஏர் ரைபிளில் மூன்று முறை தேசிய சாம்பியன். வரிசையில் நிற்பவர்களுக்கோ அவள், பார்சலைச் சரியாக ஒட்டவில்லை என்று திருப்பியனுப்பும் சிடுமூஞ்சி அம்மா, அவ்வளவுதான்.

முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு காலை, குறி பார்க்கும் வளையத்துக்குள் கரும்புள்ளி நெளிந்தது. வளையத்தைத் துடைத்துப் பார்த்தாள். பழுது வளையத்தில் இல்லை, வலது கண்ணில். விழித்திரை கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு பார்வை திரும்பியது; ஆனால் நேர்க்கோடெல்லாம் நடுவில் கோணிக்கொண்டு தெரிந்தது.

"இந்தக் கண்ணால படிக்கலாம், நடமாடலாம். குறி மட்டும் பார்க்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

"இன்னொரு கண்ணு இருக்கே டாக்டர்?"

"இருக்கு. ஆனா துப்பாக்கி உங்க வலது தோள்லதானே இருக்கு?"

ஆறு மாதம் அவள் துப்பாக்கியைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பலகை மாதிரி விறைப்பான தன் சுடும் ஜாக்கெட்டைக் கொண்டுபோய்க் கணவரின் தையல் மெஷின் மேல் வைத்தாள். அவர் பயணப் பைகள் தைப்பவர்.

"இதை அப்படியே மாத்தித் தைக்கணும். வலது பக்கம் இருக்கிறதெல்லாம் இடது பக்கம் வரணும்."

அவர் புரட்டிப் பார்த்தார். "பொத்தானுமா?"

"பொத்தான், பட்டை, முழங்கை ஒட்டு, எல்லாம்."

"ஜாக்கெட்டை மாத்திடலாம். ஆளை மாத்தித் தைக்க என்கிட்ட ஊசி இல்லையே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

இடது கைக்காரர்களுக்கான துப்பாக்கி ஒன்று கிளப்பில் சீண்டுவாரில்லாமல் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள். வலது விரலுக்குப் பதினைந்து வருஷமாகப் பழகிய விசை, இடது விரலுக்குப் பிடிபடவே இல்லை. விரலைப் பழக்குவதற்காக அலுவலகத்தில் இடது கையால் முத்திரை குத்த ஆரம்பித்தாள். "எல்லாம் கோணலா விழுதே!" என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

முதல் போட்டியில் அறுபத்துநான்கு பேரில் அறுபத்தொன்றாவது இடம். பக்கத்தில் நின்ற பெண் பரிதாபமாகக் கேட்டாள்: "புதுசா வர்றீங்களா அக்கா?"

"ஆமாம்மா, இந்தப் பக்கத்துக்குப் புதுசு."

நான்காம் வருஷம் தேசியப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தாள். கடைசியில் மிஞ்சியது இரண்டே பேர்: அவளும் ஒரு கல்லூரி மாணவியும். ஒரே ஒரு குண்டு பாக்கி. அவள் கையில் 0.4 புள்ளி முன்னிலை. துப்பாக்கியைத் தூக்கினாள், கை ஒத்துழைக்கவில்லை, இறக்கினாள். மறுபடி தூக்கி இறக்கினாள். நேரம் முடியப் பதினொரு விநாடி இருக்கும்போது மூன்றாம் முறை தூக்கிச் சுட்டாள். 9.8. மாணவிக்கு 10.1. ஒரே ஒரு தசமப் புள்ளியில் சாம்பியன் பட்டம் நான்காவது முறையாக அவளுக்கு வந்தது.

கணவருக்குப் போன் போட்டாள்.

"ஜெயிச்சாச்சு. கடைசிக் குண்டு ஒம்பது புள்ளி எட்டு."

"பத்துக்குக் கீழயா?" என்று குறைபட்டுக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அதன்பின் இரண்டு வருஷம் சுட்டாள். தகுதிச் சுற்றிலேயே தோற்ற வருஷம், போதும் என்று நிறுத்திவிட்டாள். இப்போது சனிக்கிழமைகளில் அதே கிளப்பில் நடுவராக நிற்கிறாள். தாமதமாக வருபவர்களை, அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும், உள்ளே விடுவதில்லை.