கொய்யா வாங்காமல் போன ஞாயிறு

பொழிச்சலூரிலிருந்து பம்மலுக்கு நடந்துகொண்டிருந்தேன். கையில் நன்றாகப் பழுத்த ஒரு பப்பாளி. பையின் காது அறுந்துவிட்டதால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. காலையில் மகளுக்காகக் கொண்டுபோன பழம் அது. அவளுடைய மாமியார் அதை வாசற்படி தாண்ட விடவில்லை.

மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. உடம்பில் ரத்தம் குறைவு. இப்படியே போனால் பிரசவத்துக்கு முன்பே ரத்தம் ஏற்ற வேண்டிவரும் என்று சுகாதார நிலையத்தில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்ன செவ்வாய்க்கிழமை அவளுடன் போனவன் நான்தான். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவள் தலை சுற்றுகிறது என்று ஃபேனுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். நர்ஸம்மா மாத்திரை அட்டையை என் கையில் கொடுத்து என்னிடம் சொன்னார்.

"இரும்புச்சத்து மாத்திரைய டீ கூட போடக் கூடாது. டீ அந்த சத்த உடம்புல சேர விடாது. தண்ணில போட்டுட்டு ஒரு கொய்யாப்பழம் சாப்பிடச் சொல்லுங்க. நெல்லிக்காயும் நல்லதுதான். ஆப்பிளத் தேடி அலையாதீங்க. வீட்ல மறக்காம சொல்லிடுங்க."

தலையாட்டினேன். திரும்பும்போது ஆட்டோவில் அவள் தூங்கிவிட்டாள். எனக்குச் சிறுசேரி கேன்டீனில் மத்தியான ஷிஃப்ட். அவளை வாசலில் இறக்கிவிட்டு ஓடினேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டேன்.

அந்தக் கேன்டீனில் என் வேலை பழம் நறுக்குவது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் கப் கப்பாக வாங்கிப் போவார்கள். மாசமாக இருக்கும் பெண்களும் வருவார்கள். பழுத்த பப்பாளியைக் குச்சியால் குத்திக் குத்தித் தின்பார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆனதாகத் தெரியவில்லை. சனிக்கிழமை அந்த வேலையை விட்டேன். சண்டை சச்சரவு ஏதுமில்லை. சில மாதம் போனால் எனக்கு ஒரு இடத்தில் கால் நிற்காது, அவ்வளவுதான். சூப்பர்வைசர் ஏதாவது பழம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். இருந்ததிலேயே பெரியதை எடுத்தேன்.

ஞாயிறு காலை பம்மலில் தள்ளுவண்டி நிறையக் கொய்யா இருந்தது. நின்றேன். நர்ஸம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் சம்பந்தி வீட்டுக்குக் கொய்யாவோடு எப்படிப் போவது? பஸ்ஸுக்கு நிற்பவர்கள் உப்பு மிளகாய்த்தூள் தூவித் தின்கிற பழம் அது. பெண் கொடுத்த வீட்டுக்குப் போகும்போது கையில் இருப்பது பார்வையாக இருக்க வேண்டாமா? பப்பாளி போதும் என்று நடந்துவிட்டேன்.

மாமியார்க்காரி பழத்தைத் தொடவில்லை.

"இன்னாண்ணா இது? மாசமா கீற பொண்ணுக்கு யாராச்சும் பப்பாளி எத்தினு வருவாங்களா?"

காய்தான் ஆகாது, பழுத்தது ஒன்றும் செய்யாது என்றேன். கேன்டீனில் பார்த்ததைச் சொன்னேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொன்னேன். அந்த அம்மா மேலே போன விமானத்தின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு மொதல் புள்ள நாலு மாசத்துல கலைஞ்சிடிச்சி. அதுக்கு மொத நாளு நான் துன்னது இதாண்ணா. நீங்க கேன்டீன்ல பாத்துக்கீறீங்க. நான் என் வவுத்துல பாத்துக்கீறேன்."

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவர் கெட்டவர் இல்லை. முருங்கைக்கீரையும் மீனும் மாற்றி மாற்றிச் சமைத்து என் மகளுக்குப் போடுகிறவர். நான் பழத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அப்போது மகள் சமையலறை வாசலில் நின்று அட்டையிலிருந்து மாத்திரையை அமுக்கி எடுத்தாள். வாயில் போட்டாள். கையிலிருந்த டீயைக் குடித்து விழுங்கினாள்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இந்த வீட்டில் இன்னொரு உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். சாப்பிடாவிட்டாலும் குறைவில்லாத ஒரு பழத்துக்காக அரை மணி நேரம் வாதாடியிருக்கிறேன். சொல்ல வேண்டிய இரண்டு வார்த்தையைச் சொல்லவில்லை.

இவள் வயிற்றில் இருந்தபோது இவளுடைய அம்மாவுக்கும் இதே ரத்தக்குறைவுதான். தாம்பரத்தில் ரயில்வே லைன் பக்கம் குடியிருந்தோம். எந்தப் பழத்தை எடுத்தாலும் அதன் மேல் ஒரு வழக்கு இருக்கும். வாழைப்பழம் சளி. மாம்பழம் சூடு. கறுப்பு திராட்சை தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும். கொய்யா இருமல். நல்ல பெயர் இருந்தது மாதுளைக்கு மட்டும், அது எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அவளும் மாத்திரையை டீயில்தான் விழுங்கினாள். பிரசவத்தில் ரத்தம் ஏற்றினார்கள். நான் அன்று சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் பல வருடம் இருந்தாள் என்றாலும், ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்து எழுந்திருக்கிறவளாகவே இருந்தாள். இப்போது அவள் இல்லை.

பல்லாவரம் ஸ்டேஷனில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தேன். டீ வேண்டாம், தண்ணீரில் போடு, கொய்யா சாப்பிடு என்று நர்ஸம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். சரிப்பா, சரிப்பா என்று கேட்டுக்கொண்டாள். இப்போது எங்கே வேலை என்றாள். பார்க்க வேண்டும் என்றேன்.

அவள் பக்கம் பாத்திரத்தை மூடும் சத்தம் கேட்டது.

"போன்ல நீ நிறைய சொல்லிக்கீறப்பா. வெச்சிடட்டா? அடுப்புல சோறு கீது."

அவள் குரலில் கோபம் இல்லை. அவள் சொன்னதும் உண்மைதான். ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். நன்றாகப் படி, பால் குடி, வெயிலில் அலையாதே. படித்தாளா, குடித்தாளா என்று நான் இருந்து பார்த்ததில்லை. அவளும் அதை எதிர்பார்க்கப் பழகவில்லை.

பெஞ்சிலேயே பப்பாளியை அறுத்தேன். கேன்டீனில் அவ்வளவு பழம் நறுக்கியும் ஒரு துண்டு வாயில் போட்டதில்லை. டீயும் பன்னும்தான். பழம் அவர்களுக்கு, நமக்கு எதற்கு என்கிற நினைப்பு. நல்ல இனிப்பாக இருந்தது. பாதி தின்றுவிட்டு மீதியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தேன்.

திருச்சி பக்கம் ஒரு ஓட்டலில் ஆள் கேட்டிருந்தார்கள். தாம்பரத்தில் இறங்கி பஸ் ஏறுவதாகத்தான் இருந்தேன். தாம்பரத்தில் இறங்கினேன். பஸ் ஏறவில்லை. பழைய சிநேகிதன் ஒருவன் அறையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் பொழிச்சலூருக்கே போனேன். சுகாதார நிலையத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு பழவண்டி உண்டு. வண்டிக்காரருக்கு முட்டி வலி. நிற்க ஆள் கிடைக்குமா என்று அவர் யாரிடமோ கேட்டது அந்தச் செவ்வாய்க்கிழமை என் காதில் விழுந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினி நாள் நிப்ப?"

"என் பொண்ணு ஆறு மாசம், அண்ணா."

"அதுக்கு?"

"பிரசவம் வரைக்கும் நிப்பேன்."

"அப்பால? பேரப்புள்ளைக்கு மொட்ட அடிச்சதும் ஓடிடுவியா?"

நான் சட்டைக் கையை மடித்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கூடையைக் காலால் என் பக்கம் தள்ளினார். கொய்யா. பழுத்ததையும் செங்காயையும் பிரித்து அடுக்கச் சொன்னார். ரத்தம் குறைவு என்பதால் மகளை வாரா வாரம் செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். இந்த முனையைத் தாண்டித்தான் அவள் போக வேண்டும். அன்று திங்கட்கிழமை. செங்காயில் நல்லதாக இரண்டை எடுத்து, மறுநாளைக்குப் பதமாக இருக்கும் என்று கோணிக்கு அடியில் தனியாக வைத்துவிட்டு, மீதியை அடுக்க ஆரம்பித்தேன்.