சுரங்கத்தில் மாப்பிள்ளை பார்த்த கதை

கோலாலம்பூரில் முதன்முதலாக ரயில் பூமிக்குள் ஓடத் தொடங்கியபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் அப்பா என்னை அதில் ஏற்றினார். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிறவர் அவர். சன்னல் இருண்டதும் என் சட்டைக் காலரை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் பயந்துவிட்டதாக வீட்டில் அம்மாவிடம் சொன்னார். நானும் மறுக்கவில்லை.

பெரியவனானதும் தோட்டத்து லோரி ஓட்டினேன். நகரத்துக்கு அடியில் இன்னொரு ரயில் பாதை வரப்போகிறது, சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மண்ணைக் குடைந்துகொண்டே போகும் ராட்சத இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ரயில் வண்டி ஓடும். அதுதான் எனக்குக் கொடுத்த வேலை. வளைந்த கான்கிரீட் துண்டுகளை அதில் ஏற்றிக்கொண்டு போவேன். உள்ளே இருப்பவர்கள் அவற்றை வட்டமாகப் பூட்டிச் சுவராக்குவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் உலு யாமில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அவள் ரவாங்கில் ஒரு கிளினிக்கில் வேலை செய்தாள். எங்கள் இருவருக்கும் பிடித்துப்போனது. அவள் அப்பாவுக்குத்தான் மனசு வரவில்லை.

“தம்பி நல்ல பையன்தான். ஆனா மண்ணுக்குள்ள போற வேலை. பொண்ணக் கொடுத்துட்டு நான் தினம் எப்படித் தூங்குறது?” என்று கேட்டார்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டே போனார். அவள் மட்டும் எனக்கு போன் போட்டாள்.

“உள்ள மூச்சு விட முடியுமா?”

“முடியும் லா. பெரிய குழாய் வழியா காத்து வருது.”

“இப்ப எந்த இடத்துக்கு வந்திருக்கீங்க?”

அதற்குப் பிறகு அதுவே எங்கள் பேச்சானது. இந்த வாரம் ஆற்றுக்கு அடியில், அடுத்த வாரம் கடைத்தெருவுக்கு அடியில் என்று சொல்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் ரவாங்கிலிருந்து கொமுட்டர் ரயிலேறி நகரத்துக்கு வருவாள். சுரங்கத்தில் என் போனுக்கு லைன் கிடைக்காது. வேலை முடிந்து மேலே ஏறி வந்தால் அவள் செய்தி காத்திருக்கும்: “இப்ப உங்க தலைக்கு மேல நின்னு செண்டோல் குடிக்கிறேன்.” சேறு படிந்த பூட்ஸோடு நின்று அதைத் திரும்பத் திரும்பப் படிப்பேன்.

கோலாலம்பூருக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. அதில் எங்கே பொந்து இருக்கிறது என்று குடைகிறவனுக்குத் தெரியாது. ஒருநாள் எங்கள் இயந்திரம் அப்படி ஒரு பொந்தில் மாட்டிக்கொண்டது. அதை அடைத்துவிட்டு மறுபடி நகர வாரக்கணக்கானது. அவளிடம் மறைக்காமல் சொன்னேன்.

“அப்பாகிட்ட இதச் சொல்லாதீங்க. நானே சொல்றேன்” என்றாள்.

என்ன சொன்னாளோ, பூமிக்கடியில் கட்டிக்கொண்டிருந்த நிலையத்துக்குள் இயந்திரம் சுவரை உடைத்துக்கொண்டு வரும் நாளன்று அவரும் வந்தார். வேலையாட்களின் வீட்டு மனிதர்கள் வந்து பார்க்க அன்றைக்கு அனுமதி உண்டு. அவர் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார். அதற்கு மேல் பாதுகாப்புத் தொப்பி. பக்கத்தில் அவள், அளவு பொருந்தாத ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு நடக்கச் சிரமப்பட்டாள்.

முதலில் சுவர் அதிர்ந்தது. பிறகு விரிசலில் தண்ணீர் கசிந்தது. கான்கிரீட் பாளம் பாளமாக விழுந்தது. தூசிக்குள்ளிருந்து வீடு உயரத்துக்கு ஒரு இரும்பு முகம் மெதுவாகச் சுற்றிக்கொண்டே வெளியே வந்தது. எல்லோரும் கத்தினார்கள். வெல்டிங் செய்யும் பங்ளாதேஷ் அண்ணன் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

அவள் அப்பா திறந்த வாயை மூடவில்லை.

“இத ஓட்டுறது நீங்களா?”

“இல்ல மாமா. நான் பின்னால சாமான் வண்டி ஓட்டுறேன்.”

அவர் சிரித்துவிட்டார். இயந்திரத்தையும் என் தோளைப் பிடித்திருந்த அந்த பங்ளாதேஷ் அண்ணனையும் மாறிமாறிப் பார்த்தார். “இத்தனை பேரு கூட இருக்கீங்க. அதான் எனக்குத் தெரியாமப் போச்சு” என்றார். பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு எப்ப லீவு கிடைக்கும்னு கேளு. நாள் பார்க்கணும்” என்றார். மாப்பிள்ளை என்று அவர் என்னைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் சிரிப்பை அடக்க மாட்டாமல் குனிந்து பூட்ஸைச் சரிசெய்தாள்.

கல்யாணமான பிறகு அதற்கடுத்து வந்த பாதையிலும் வேலை செய்தேன். இப்போது சுங்கை பூலோவில் காரை நிறுத்திவிட்டு, மகளோடு ரயிலேறி நகரத்துக்குப் போகிறோம். போன மாதம் ரயில் பூமிக்குள் இறங்கியதும், பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத அம்மாவிடம் என் மனைவி பெருமையாகச் சொன்னாள்:

“ஆன்ட்டி, இந்தச் சுரங்கம் தோண்டுனதுல இவரும் ஒருத்தர்.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“அப்படியா? நிலையத்துல இன்னும் ரெண்டு டாய்லெட் சேர்த்துக் கட்டியிருக்கலாம்ல தம்பி?”

என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மேலிடத்தில் சொல்லிவிடுகிறேன் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தேன்.