சாரலிலும் போகாத பச்சை

குழல்வாய்மொழி தென்காசியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஆறு வருடங்களாக மாதம் ஒருமுறை சிற்றாற்றில் இறங்கி, இரண்டு இடங்களில் கல்லைச் சுரண்டிப் பாசி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோட்டில் எழுதி வந்தார். பேராசிரியர் ஒருவர் தொடங்கிய வேலை அது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் இவரால் விட முடியவில்லை.

மேல்பக்கத்துக் கல்லில் சாரல் காலத்தில் மெல்லிய பழுப்புப் படலம்தான் இருக்கும். கோடையில் கொஞ்சம் பச்சை ஏறும். அடுத்த சாரலின் வேகம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். தங்கும் விடுதிகளின் சாக்கடையைக் கொண்டுவரும் ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழேயும் முதலில் அப்படித்தான் இருந்தது. நான்காம் வருடத்திலிருந்து அங்கே சாரல் அடிக்கும் ஜூலையிலும் பச்சைப் பாசி தலைமுடி போல நீண்டு கிடந்தது. கழிவு கலக்காமல் இப்படி ஆகாது என்று ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தார்.

அதை விசாரித்த மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் ஜெகதீஸ்வரன் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் தண்ணீர் எடுக்க ஆள் அனுப்பியது, கனமழையில் ஆறு கரைதொட்டு ஓடிய நாளில். குறை எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. குழல்வாய்மொழி நேரில் போனார்.

“சார், அன்னைக்கு வந்த தண்ணி அன்னைக்கே போயிருது. கல்லுல இருக்க பாசி மாசக்கணக்கா அங்கனயேதான் கெடக்கு. அதப் பாத்தா என்ன கலக்குதுன்னு தெரியும்லா.”

“பாசிக்கு எங்க ரிப்போர்ட்ல எடமே கெடையாதும்மா,” என்றார் அவர்.

ஆறு வருடக் குறிப்புகளையும் படங்களையும் சேர்த்து இரண்டாவது மனு போட்டார். மூன்றாம் வாரம், ஆற்றில் துணி துவைக்கும் மாடத்தி போன் செய்தாள். “யக்கா, ஒங்க மனுவுக்கு ஆள் வந்திருக்கு. பாசிய எல்லாம் சொரண்டுதாங்க.”

அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடினார். நகராட்சி ஆட்கள் நான்கு பேர் கம்பி பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்து, பிளீச்சிங் பவுடர் தூவி முடித்திருந்தார்கள். வழுக்குவதாகப் புகார் வந்ததாம்; இனி பயமில்லாமல் குளிக்கலாம் என்றார் மேஸ்திரி, பாராட்டை எதிர்பார்த்தவர் போல. இரண்டு எட்டு தள்ளி, ஓடையில் சாக்கடை கறுப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டதற்கு, அது தன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது மனுவில் பாசி என்ற சொல்லையே எழுதவில்லை. சாக்கடையை மட்டும் எழுதினார். கல்லூரி ஊழியர் என்பதால் முதல்வர் வழியாக அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். இரண்டு மாதமாகிறது, முதல்வர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.