பருப்புக்கீரைப் பந்தயம்

கல்யாணமாகி நான் கீழத்தெருவுக்கு வந்த முதல் வாரம், என் வீட்டுக்காரர் பஞ்சநாதன் ஆசையாகக் கொண்டுவந்து என் கையில் வைத்த முதல் பொருள் ஒரு புழு. மற்ற ஆம்பிளைகள் பூ வாங்கி வருவார்கள். வக்கில்லாதவர்கள்கூட நாலு பக்கோடாவையாவது மடித்துக்கொண்டு வருவார்கள். இவர் எருக்கிலையில் மடித்துப் புழு கொண்டுவந்தார். வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்டு, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு மீசையோடு அது என் உள்ளங்கையில் நெளிந்தது. நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆனந்தவல்லி உலக்கையோடு ஓடிவந்தாள். அவர் என்னைத் தேற்றினாரா? கீழே விழுந்த புழுவுக்கு அடிகிடி பட்டதா என்று தரையில் மண்டிபோட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

"பயப்படாத எல்லையம்மா. இது கடிக்காது, அரிக்காது. கொஞ்ச நாள்ல பட்டாம்பூச்சியாப் பறக்கும் பாரு."

அன்றைக்கே என் அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். என்ன செய்ய, மனுஷன் சிரித்தால் அழகாக இருப்பார்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. வயலில் இறங்கினால் ரெண்டு ஆள் வேலை பார்ப்பார். ஆனால் வரப்பில் ஒரு இறக்கை அசைந்துவிட்டால் போச்சு, மண்வெட்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நெற்பயிரைத் தின்கிற கொம்புப் புழுவை எல்லோரும் நசுக்குவார்கள், இவர் அதன் மூஞ்சியைப் பார்த்து, "பூனைக்குட்டி மாதிரியே இருக்குல்ல?" என்பார். முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சியைக் கொளுத்த நான் பந்தம் கட்டினால், ஓரமாக நாலையாவது விட்டுவை என்று பேரம் பேசுவார். அவருக்கு நான் புழுக்கிறுக்கர் என்று பேர் வைத்தேன். கோபம் வரவில்லை. சந்தோஷப்பட்டார்!

இப்பேர்ப்பட்டவரைத்தான் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்குக் கிளைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் வைரக்கண்ணு அண்ணன். நல்லவர்தான், ஆனால் குரல் அப்படி. அவர் இரகசியம் பேசினால் ரெண்டு வயல் தாண்டிக் கொக்கு எழுந்து பறக்கும்.

ஆட்சி மாறி, ரூபாய்க்குப் படி அரிசி என்று ஊரெல்லாம் ஒரே பேச்சாக இருந்ததே, அதற்கு அடுத்த தை மாதம். சம்பா முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அறுப்புக் கூலியில் கலம் நெல்லுக்கு அரைப்படி கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளை எடுப்போம் என்று சங்கம் சொல்லிவிட்டது. பண்ணையார் முடியாது என்றார், வெளியூர் ஆளை லாரியில் இறக்கப் பார்த்தார். நம் ஆட்கள் விடிந்ததும் வயலில் போய் உட்கார்ந்து மறிப்பதாக இரகசியமாக ஏற்பாடு செய்தார்கள். போய்ப் பார்த்தால் அவர்களுக்கு முன்னால் போலீஸ் வந்து நிற்கிறது. நம் ஆளில் எவனோ பண்ணைக்குச் சொல்லியிருக்கிறான் என்று தெருவே கொதித்தது. அந்த வருஷங்களில் கீழத்தஞ்சையில் இந்தத் தகராறுகள் எதில் போய் முடிந்தன என்பது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டில்லை.

அந்த நேரம் பார்த்து ஆனந்தவல்லி என் காதில் ஓதினாள். "ஒங்க வீட்டுக்காரரு தெனம் மத்தியானம் வாய்க்கா மேட்டுல பண்ணைக் காரியஸ்தரோட குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருக்காருடி. நான் சொன்னேன்னு சொல்லாத." அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் அவள் ஆனந்தவல்லியே இல்லை.

மறுநாள் கஞ்சி குடித்துவிட்டு அவர் கிளம்பியதும் பின்னாலேயே போனேன். பண்ணையாரின் நிலபுலன் அத்தனையையும் மேய்க்கிற காரியஸ்தர் சாரங்கபாணி, வெள்ளை வேட்டி சேறாக, பருப்புக்கீரைப் பத்தைக்கு முன்னால் நாலு காலில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் என்னவரும் நாலு காலில். ரெண்டு பேருக்கும் சண்டை.

கீரையின்மேல் ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சி ஒன்று முட்டை வைத்துக்கொண்டிருந்தது. "இது எருக்கஞ்செடியச் சுத்துற பூச்சிதானே?" என்றேன். "அதான் இல்ல" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் என் பக்கம் திரும்பினார்கள். நான் எப்படி வந்தேன், ஏன் வந்தேன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

"பின் றெக்கை நடுவுல கறுப்புப் புள்ளி மூணு இருந்தாத்தான் எருக்குப் பூச்சி. இதுக்குப் பாரு, ஓரத்துல ஒண்ணே ஒண்ணு. எருக்குப் பூச்சி கசக்கும்னு குருவி தொடாது. இந்தக் கள்ளி அது மாதிரியே வேஷம் கட்டிக்கிட்டுத் தப்பிச்சுக்கிறா" என்றார் என்னவர்.

அதுவரை ரெண்டு பேருக்கும் ஒற்றுமை. அந்தப் பக்கம் கன்னங்கறேலென்று ஒரு பூச்சி சுற்றியது. இறக்கையில் வெள்ளை வெள்ளையாக நிலா, நிலாவைச் சுற்றி நீலப் பளபளப்பு. அதுதான் இவளுக்குப் புருஷன், ரெண்டும் ஒரே இனம் என்பது காரியஸ்தர் கட்சி.

"ஆரஞ்சுக்கும் கறுப்புக்கும் கல்யாணமா? ஒனக்கு என்ன பைத்தியமா?" என்று என்னவர் கேட்டார்.

"ஏன்யா, சுயமரியாதைக் கல்யாணத்துக்கு இப்பத்தான் சட்டமே வந்துடுத்தே!" என்றார் காரியஸ்தர்.

நான் சிரித்ததை விடுங்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது வேறொன்று. மேடையில் மைக்கைப் பிடித்துப் பண்ணையை விளாசும்போதுகூடக் 'காரியஸ்தர் ஐயா' என்றுதான் என்னவருக்கு வாய் வரும். பிறந்ததிலிருந்து பழகின நாக்கு. அதே நாக்கு இங்கே, புழுவுக்கு முன்னால், 'ஒனக்கு' என்கிறது. காரியஸ்தரும் அதைக் கவனிக்கவில்லை.

பந்தயம் கட்டினார்கள். கீரையில் மேய்கிற கறுப்பு முள்ளுப் புழுக்களைப் பிடித்து வளர்க்க வேண்டும். எல்லாம் ஆரஞ்சாக வந்தால் பஞ்சநாதன் ஜெயித்தார், ஒன்று கறுப்பாக வந்தாலும் சாரங்கபாணி ஜெயித்தார். தோற்றவன் ஜெயித்தவனை ஊரறிய அண்ணே என்று கூப்பிட வேண்டும். பழைய மிட்டாய் பாட்டிலில் குச்சி நட்டு, வாயில் என் கிழிந்த ரவிக்கைத் துணியைக் கட்டி, எங்கள் வீட்டில் என்னவர் வளர்த்தார். புழுக்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தலைகீழாகத் தொங்கிக் கூடாயின. நான் கண்டுகொள்ளாத மாதிரி இருந்தேன். அவர் இல்லாத நேரத்தில் எட்டிப் பார்ப்பேன்.

அதற்குள் ஆனந்தவல்லியின் சேதி தெரு முழுக்கச் சுற்றிவிட்டது. ஒரு நாள் காலையில் கொடிக்கம்பத்தடியில் கூட்டம் போட்டார்கள். குற்றம் உறுதியானால் செயலாளர் பதவி மட்டுமா போகும்? எங்களோடு நடவுக்கு நிற்க ஆள் வராது, தண்ணீர்க்குடம் தூக்கிவிட ஆள் வராது. காட்டிக்கொடுத்தவன் பொண்டாட்டி என்ற பேரோடு நான் எந்தத் தெருவில் போய்க் குடியிருப்பேன்? இவரோ கூட்டத்துக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார்! கூடுகள் அன்றைக்கென்று கறுத்துவிட்டனவாம், எந்த நிமிஷமும் வெடிக்குமாம்.

"காரியஸ்தரோட ஒனக்கு என்னடா பேச்சு?" என்றார் வைரக்கண்ணு அண்ணன்.

"பட்டாம்பூச்சி பாத்தேண்ணே."

"யாரு காதுல பூ சுத்துற? பண்ணை ஆளும் நீயும் வாய்க்கா மேட்டுல பட்டாம்பூச்சி பாத்தீங்களா?"

என்னவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலுக்குள் ஒரு கூடு பிளந்து, கசங்கின துணி மாதிரி ஒன்று வெளியே வந்து, மெள்ள விரிந்தது. ஆரஞ்சு. "பாத்தியா!" என்று தொடையைத் தட்டினார். வைரக்கண்ணு அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். இவனைச் சங்கத்தை விட்டு நீக்கச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். நாலைந்து கை எழுந்தது.

அப்போது அடுத்த கூடு வெடித்தது. சுருங்கிக் கிடந்த இறக்கை விரிய விரியக் கறுப்பு. கறுப்பின் மேல் வெள்ளை நிலா. வெயில் பட்டதும் ஓரத்தில் நீலம் மின்னியது. கை தூக்கினவர்கள்கூடக் கையை இறக்காமலே எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயையோ தோத்துட்டேன்!" என்று என்னவர் குதித்தார். ஒரு முழ உயரம் குதித்தார். "தோத்துட்டேன், தோத்துட்டேன்!" என்று கூவிக்கொண்டே பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடினார். பண்ணை வீட்டுப் பக்கம்.

"ஓடுறான் பாரு, பிடிங்கடா!" என்று வைரக்கண்ணு அண்ணன் கத்தினார். தெருவே பின்னால் ஓடியது. அறுப்பு இன்னும் நின்றே கிடந்தாலும், பழக்கத்தில் பாதிப் பேர் இடுப்பில் அரிவாள். நானும் கொசுவத்தைச் சொருகிக்கொண்டு ஓடினேன்.

பண்ணைக்காரர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? முன்னால் ஒருத்தன் பாட்டிலை உயர்த்திப் பிடித்து ஓடிவருகிறான், பின்னால் அரிவாளோடு ஜனம். காவலாட்கள் வைக்கோல் போரில் ஏறிக்கொண்டார்கள். வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மாடி ஜன்னலில் பண்ணையாரின் குரல் மட்டும் வந்தது.

"பாட்டிலை எறிஞ்சிடாதே! கீழே வை! அரைப்படிதானே, தர்றேன், எடுத்துக்கோங்க!"

வைரக்கண்ணு அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் தலைவர் தலைவர்தான். "எழுத்துல வேணும்! ஜன்னல் வழியாவே போடுங்க!" என்றார்.

என்னவருக்கு இது எதுவும் காதில் விழவில்லை. களத்தில் தனியாக நடுங்கிக்கொண்டு நின்ற சாரங்கபாணியிடம் நேராகப் போனார்.

"அண்ணே! கறுப்பு வந்துடுச்சுண்ணே! ஒரே பாட்டில்ல ரெண்டும் வந்துடுச்சுண்ணே! நான் தோத்துட்டேண்ணே!"

காரியஸ்தர் பாட்டிலைப் பார்த்தார். நடுக்கம் நின்றது. கண்ணில் தண்ணீர் முட்டியது. "நான் சொன்னேனோல்லியோ தம்பி, சொன்னேனோல்லியோ!" என்று என்னவரின் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

அரிவாளோடு வந்த எல்லோரும் அப்படியே நின்றோம். அந்தக் களத்தில் அதுவரை எங்கள் தெரு ஆளை யாரும் தம்பி என்று கூப்பிட்டதில்லை, எங்கள் ஆட்கள் யாரும் அங்கே அண்ணே என்று வாய் திறந்ததில்லை. வைரக்கண்ணு அண்ணன் என்னிடம் குனிந்து இரகசியம் சொன்னார், வைக்கோல் போர் வரை கேட்டது: "காட்டிக் குடுக்கிறவனுக்குக் கொஞ்சமாச்சும் கள்ளத்தனம் வேணாமா தங்கச்சி? இவன்கிட்ட ஏது அது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அன்றைக்கு மறியல் இரகசியத்தைப் பண்ணை வரைக்கும் கொண்டுபோன குரல் எது என்று. சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

சுற்றுப்பட்டில் இன்றைக்கும் அதைப் பாட்டில் போராட்டம் என்கிறார்கள். என்னவருக்கு அது பிடிக்காது. "போராட்டமும் இல்ல ஒண்ணுமில்ல, நான் தோத்த கதை" என்பார். அரைப்படி வந்தது சந்தோஷம்தான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் அவர் வாய்க்கால் மேட்டில் பாட்டிலைத் திறந்துவிட்டபோது, சாரங்கபாணி கூடவே வரப்பில் உட்கார்ந்திருந்தார். நான் கீரை பறிக்கப் போனவள், முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர்களுக்கு நடுவில் மண்டி போட்டேன். "கொஞ்சம் நகருங்கண்ணே, எனக்குத் தெரியல" என்றேன். காரியஸ்தர் நகர்ந்து இடம் விட்டார்.