பூட்டிய வீடு என்று எழுதினேன்

1. டைப் அடித்து வந்த ஆர்டர்

2006 கோடைத் தொடக்கத்தில் ஒரு நாள், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றைத் தத்துக் கொடுக்கலாம் என்ற ஆர்டர் டைப் அடித்து மேசைக்கு வந்துவிட்டது. குழந்தைகள் நலக் கமிட்டியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. குழந்தையின் பெயர் கௌரி. அந்த ஆர்டருக்கு ஆதாரம் என்னுடைய என்கொயரி ரிப்போர்ட். அது தப்பான ரிப்போர்ட். கௌரிக்கு அம்மா இருந்தாள். என்னுடைய பஸ் போய்ச் சேர்ந்த நேரத்தில் அவள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

குழந்தைகளைப் பற்றி விசாரித்து ரிப்போர்ட் கொடுக்கும் இந்த ஆபீசர் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் சட்டத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, படித்துக்கொள்ளலாம். நான் செய்த தப்பு எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை. நான் சர்வீசில் சேர்ந்த காலத்தில் எங்கள் வேலை ரொம்பச் சுலபம். பிள்ளை பட்டினியா? ஹோமில் போடு. அப்பன் குடிகாரனா? ஹோமில் போடு. அம்மா மட்டும்தானா? அதற்கும் ஹோம்தான். அந்தப் பிள்ளை வீட்டிலேயே இருக்க வழி உண்டா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரு பிள்ளையை ஹோமில் சேர்த்துவிட்டால் புண்ணியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவேன்.

சுனாமிக்குப் பிறகுதான் எல்லாம் மாறத் தொடங்கியது. மரக்காணம் கடற்கரையில் தண்ணீர் வடிந்த சில நாட்களிலேயே, "அநாதைப் பசங்க இருந்தா சொல்லுங்க, நாங்க எடுத்துக்கறோம்" என்று கார் காராக வந்து கேட்டார்கள். நல்லவர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். யார் எவர் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. குழந்தையை யாரும் அப்படித் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, உறவு இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும், ஹோம் என்பது கடைசி வழி என்று மேலிருந்து உத்தரவு வந்தது. சட்டம் முன்பே இருந்ததுதான். அதைத் தூசி தட்டி எடுத்தது அப்போதுதான். எங்கள் மாவட்டக் கமிட்டி ஒவ்வொரு ஹோமிலும் இருந்த எல்லாக் குழந்தைகளின் ஃபைலையும் வரவழைத்துப் படிக்க ஆரம்பித்தது.

கமிட்டிக்குத் தலைவி ஸ்டெல்லா மேடம். அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு சிஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஃபைலைத் திறந்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். எங்கள் ஆபீசில் அப்படிப் படித்த ஒரு மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

2. மழைக்கு விடுவது

மரக்காணம் உப்பளத்து ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஐப்பசியில் மழை பிடித்ததும் உப்பு விளைகிற பாத்தியெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். பொங்கல் வரைக்கும் உப்பு வேலை கிடையாது. தாய்மார்கள் நாற்று நடவுக்கோ கட்டட வேலைக்கோ வெளியூர் போவார்கள். கூட்டிக்கொண்டு போக முடியாத பிள்ளையைப் பக்கத்திலிருக்கும் ஹோமில் விட்டுவிட்டு, பொங்கலுக்கு வந்து கூட்டிக்கொள்வார்கள். இதற்கு "மழைக்கு விடறது" என்று பேர். பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

அங்கே இருந்த ஒரு ஹோமில் அதற்கென்று தனி பாரம் கிடையாது. அச்சடித்து வைத்திருந்தது ஒரே ஒரு பாரம். "இக்குழந்தையை வளர்க்க எனக்கு வசதியில்லை, முழு மனதுடன் ஒப்படைக்கிறேன்" என்று அதில் இருந்தது. மழைக்கு விடும் தாய்மார்களும் அதில்தான் கைநாட்டு வைத்தார்கள். எவரும் அதைப் படித்ததில்லை, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை. இப்போது கமிட்டி படிக்க ஆரம்பித்துவிட்டது. எத்தனையோ வருஷமாகச் சும்மா கிடந்த காகிதத்துக்கு உயிர் வந்துவிட்டது.

கௌரியின் அம்மா அஞ்சலை, கணவனை இழந்தவள். 2005 மழைக்குப் பெண்ணை அந்த ஹோமில் விட்டு, அந்தப் பாரத்தில் கைநாட்டு வைத்துவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கம் வேலைக்குப் போனாள். பொங்கலுக்கு வந்து கேட்டபோது மேனேஜர் கையை விரித்துவிட்டார். "ரூல்லாம் மாறிடுச்சும்மா. ஃபைல் கமிட்டிக்குப் போயிடுச்சு. வீட்டுக்கு ஆபீசர் வருவாரு, அவராண்ட சொல்லிக்க" என்றாராம்.

அந்த ஆபீசர் நான்தான்.

திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து, இறங்கி நடந்து, அவள் தெருவுக்குப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. திரும்பும் பஸ் பன்னிரண்டுக்கு. அதை விட்டால் மூன்று மணி வரை அந்த வெயிலில் நிற்க வேண்டும். அஞ்சலையின் வீட்டுக் கதவு கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்று பார்த்தால் அங்கேயும் கதவு சாத்தியிருந்தது. ஒரு ஆடு மட்டும் என்னைப் பார்த்தது. பத்து நாள் கழித்து அதே பஸ்ஸில், அதே நேரத்துக்கு மறுபடி போனேன். அதே கயிறு. ரிப்போர்ட்டில் எழுதினேன்: "இருமுறை நேரில் சென்றும் வீடு பூட்டியிருந்தது. அண்டை வீட்டார் விசாரணைக்குக் கிடைக்கவில்லை. தாயார் இருப்பிடம் தெரியவில்லை." கையெழுத்து, முத்திரை, தேதி. எல்லாம் சுத்தமாக இருந்தது.

3. மேடம் கேட்ட கேள்வி

கமிட்டி கூடிய சிட்டிங் அன்றைக்கு மற்ற மெம்பர்கள் பேனாவைத் திறந்துவிட்டார்கள். ஒப்படைத்த பாரம் இருக்கிறது, தாய் யோசித்துப் பார்க்கக் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது, தாய் இருக்குமிடம் தெரியவில்லை. எடுத்துக்கொள்ளத் தயாராக வெளியூரில் ஒரு குடும்பமும் வரிசையில் இருந்தது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஸ்டெல்லா மேடம் மட்டும் என் ரிப்போர்ட்டை இரண்டாவது தடவை படித்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தத் தெருவுல எத்தன வீடு இருக்கும்?"

"ஒரு இருபது இருக்கும் மேடம்."

"எல்லா வீடும் பூட்டியிருந்துச்சா?"

"ஆமா மேடம். தெருவே காலி."

"அப்ப இருபது குடும்பமும் புள்ளைய விட்டுட்டு ஓடிப் போயிடுச்சா சார்?"

யாரும் சிரிக்கவில்லை. உப்பு வாருகிற மாதத்தில், உப்பளத்து ஜனங்களின் தெருவில், பகல் பதினொரு மணிக்கு யார் இருப்பார்கள்? விடியும் முன்னே பாத்தியில் இறங்கினால் வேலை முடிந்து ஒரு மணிக்குத்தான் கரையேறுவார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த வழியாக எத்தனை தடவை போயிருப்பேன், வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலையும் அதைச் சுமக்கிற பெண்களையும் ஜன்னல் வழியாக எத்தனை தடவை பார்த்திருப்பேன். ரிப்போர்ட் எழுதும்போது மட்டும் அது எனக்குத் தோன்றவில்லை.

மேடம் என்னைத் திட்டவில்லை. ஆர்டரை மடித்து ஃபைலுக்குள் வைத்தார். "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு நான் உப்பளத்துல இருப்பேன். நீங்களும் வந்துடுங்க" என்றார். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. பால் வண்டிக்காரரைக் கெஞ்சிக் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன்னே மேடம் அங்கே இருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வரப்பில் நடந்து வந்தார்.

மேஸ்திரி கன்னியப்பனிடம் அஞ்சலை யார் என்று கேட்டோம். அவர் திரும்பி, "ஏம்மா அஞ்சல, உன்னத் தேடி ஆபீசருங்க வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்தார். தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்த ஒருத்தி அப்படியே நின்றாள். பிறகு கூடையைப் போட்டுவிட்டு வரப்பு, பாத்தி என்று பார்க்காமல் குறுக்கே ஓடி வந்தாள்.

"எம் பொண்ணு நல்லாகீதா சார்?"

அவள் கேட்ட முதல் வார்த்தை அதுதான்.

4. உப்புக் கொட்டகையில் சிட்டிங்

அடுத்த வாரம் மேடம் ஒரு காரியம் செய்தார். கமிட்டியையே உப்பளத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். மூட்டை பிடிக்கிற கொட்டகையில் ஒரு மேசை, நாலு நாற்காலி. நேரம் மதியம் இரண்டு மணி, எல்லாரும் கரையேறிய பிறகு. "நம்ம ஆபீஸ் டயத்துக்கு அவங்க வரலன்னா, அவங்க டயத்துக்கு நாம போகணும். இதுக்கு என்னா ஜி.ஓ. வேணும்?" என்று மற்ற மெம்பர்களிடம் கேட்டாராம். அன்றிலிருந்து இன்றுவரை நான் பார்த்த சீர்திருத்தங்களில் இதைவிடப் பெரியது ஒன்றில்லை என்று சத்தியம் செய்வேன்.

அஞ்சலையோடு உப்புச் சுமக்கிற பெண்கள் எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள். குளித்துத் தலை வாரி, நல்ல புடவை கட்டி, கல்யாணத்துக்கு வந்ததுபோல வரிசையாக நின்றார்கள். மழைக்காலத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்று மேடம் கேட்டார். பட்டம்மாள் என்ற பெண் முன்னால் வந்தாள். "எனக்குக் காலு முடியல, மழைக்கு நான் வெளியூரு போறதில்ல. இது எங்கூட இருக்கட்டும். ஸ்கூல்ல மதியம் சோறு போடறாங்க. ராத்திரிக்கு நான் போட மாட்டனா? கைநாட்டு வேணும்னா இப்பவே வைக்கறேன். ஆனா இன்னா எழுதிகீதுன்னு படிச்சுக் காட்டிட்டு வாங்குங்க" என்றாள். மேடம் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

கௌரியை ஹோமிலிருந்து அழைத்து வந்தார்கள். ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். அது மேசைக்குப் பக்கத்திலேயே நின்று அம்மாவை முறைத்தது. "மழ எப்பவோ வுட்டுப்போச்சு" என்றது. அஞ்சலை தரையில் உட்கார்ந்துவிட்டாள். சற்று நேரம் கழித்துக் குழந்தையே போய் அவள் மடியில் உட்கார்ந்தது. கோபம் மட்டும் போகவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. ஆர்டரைப் படித்துக் காட்டியது நான். தாயிடம் ஒப்படைக்கப்படுகிறது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன்.

மழைக்கு விடும் பிள்ளைகளுக்கென்று ஒரு தனி பாரத்தை மேடம் அங்கேயே தன் கையால் எழுதினார். எந்தத் தேதிக்குப் பிள்ளை திரும்ப வேண்டும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று அதில் இருந்தது. அதே ஹோமிலிருந்து மேலும் பல ஃபைல்களைத் தேடி எடுத்து, அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு தெருவாக மதியம் இரண்டு மணிக்குப் போனோம். கதவுகள் திறந்திருந்தன.

அன்று கொட்டகையில் எல்லாரும் கலைந்த பிறகு அஞ்சலையிடம் போய், "தப்பு என்னுதும்மா. நான் சரியா விசாரிக்கல" என்றேன். நாலு திட்டு திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அவள் பதறிப்போய் எழுந்தாள். "அய்ய, இன்னா சார் இப்பிடி சொல்றீங்க. ஆபீசர் வருவாருன்னு சொன்னாங்கன்னு எட்டு நாளு வேலைக்குப் போவாம வாசல்லயே குந்தினு இருந்தேன். அப்பறம் மேஸ்திரி ஆளு இல்லன்னு கூப்ட்டாரு, போயிட்டேன். அந்த நேரம் பாத்து வந்துகீறீங்க. நான் இன்னும் ரெண்டு நாளு இருந்திருக்கணும். என் தப்புதான் சார், மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

சர்வீசில் மெமோ வாங்கியிருக்கிறேன், டிரான்ஸ்ஃபர் வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்தக் கும்பிடு அளவுக்கு வலித்ததில்லை. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நம் தப்புக்கு அவர்கள் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றால், நாம் இன்னும் வேலையை ஆரம்பிக்கவே இல்லை.